காது மூடும் ஹெட்போன்

கோபிசெட்டிபாளையம்
11.01.2025, சனிக்கிழமை

அன்பு அக்காவுக்கு,

கிருபாசங்கர் எழுதுகிறேன். உன் தம்பிதான். நீ அப்பா பேச்சை மீறி மச்சானோடு போய் நாலு வருசம் கழித்துக் கடிதம் வந்திருக்கிறதே, அப்பாவுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பதறாதே. அப்பா கல்லாட்டம் இருக்கிறார். எனக்கும் ஒன்றுமில்லை.

போன் பண்ணாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அம்மா காரியத்தன்று அப்பா ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாருக்கும் முன்னால் என்னைச் சூடம் அணைக்க வைத்தார். உன்னோடு பேச மாட்டேன், உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று சத்தியம். நீ உள்ளே வராமல் ரோட்டிலேயே நின்றுவிட்டுப் போனதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அம்மா படத்துக்கு முன்னால் அணைத்த சூடத்தை மீற மனசு வரவில்லை. ஆனால் எழுத மாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை. இது என் மண்டையில் உறைக்கவே ஒன்றரை வருசம் ஆகியிருக்கிறது. நான் எப்பேர்ப்பட்ட மண்டு என்று பார்த்துக்கொள்.

ஒரு உதவி வேண்டும் அக்கா. மச்சான் போத்தனூரில் ஆடியோ கடை வைத்திருக்கிறார் என்று என் சிநேகிதன் இல்யாஸ் சொன்னான். எனக்கு ஒரு நல்ல ஹெட்போன் வேண்டும். பாட்டுக் கேட்க இல்லை. மெட்டல் டிடெக்டருக்கு.

சிரிக்காமல் படி. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அப்பா பீரோவைத் திறந்து பார்த்திருக்கிறார். உனக்கென்று சேர்த்த நகை ஒன்றுகூட இல்லை. நேராகப் போய் அம்மாவிடம் கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். “அவ கைக்குப் போகக்கூடாதுன்னீங்க. தோட்டத்துல பொதைச்சுப்போட்டேனுங்க. இனி யாரு கைக்கும் போகாது” என்றாள் அம்மா. எந்த இடம் என்று கேட்பதற்குள் நர்ஸ் எங்களை வெளியே அனுப்பிவிட்டாள். அதோடு நினைவு தப்பியது, மூன்றாம் நாள் அம்மா இல்லை.

எட்டு ஏக்கரையும் மண்வெட்டியால் நோண்ட முடியாது என்று அப்பா ஈரோட்டில் யாரிடமோ இந்த மிஷினை வாங்கி வந்தார். அம்மாவுக்காகக் கோவை சரவணம்பட்டி வேலையை விட்டு வந்தவன், அப்படியே மாட்டிக்கொண்டேன். “அந்த நகை உனக்கு வரப்போற பொண்டாட்டி கழுத்துல ஏறோணும். அதை எடுத்துக் குடுத்துட்டு நீ அமெரிக்கா வேணாப் போ, ஏன்னு கேக்க மாட்டேன்” என்கிறார். பழைய ஆபீஸில் மெர்சி மேடம் இன்னும் எனக்காக இடம் வைத்திருக்கிறார். ஏப்ரல் ஒன்றாம் தேதிக்குள் சேர வேண்டும். அதற்குள் நகை கிடைத்தால் எனக்கு விடுதலை.

மிஷினோடு வந்த ஹெட்போன் உடைந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டால் வரப்பில் குடையோடு உட்கார்ந்திருக்கிற அப்பாவுக்கும் சத்தம் கேட்கிறது. ஆணி, பாட்டில் மூடி எதற்குக் கத்தினாலும் “தோண்டு” என்கிறார். ஒரு நாளைக்கு நாற்பது குழி. என் காதுக்கு மட்டும் கேட்டால் பாதிக் குழியாவது குறையும். காலையில் நாலு மணி நேரம், பொழுதோட இரண்டு மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். வலிக்கக் கூடாது, வேர்வைக்குத் தாங்க வேண்டும். எது நல்லது என்று மச்சானிடம் கேட்டு எழுது.

இல்யாஸின் பம்ப்செட் ரிப்பேர் கடை முகவரிக்கே போடு. சனிக்கிழமை வாழைத்தார் ஏலத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்வேன்.

உன் தம்பி,
கிருபா


போத்தனூர்
17.01.2025

என் தங்கத் தம்பிக்கு,

அக்காவின் ஆயிரம் முத்தம். கவரின் மேல் உன் கோழிக் கிறுக்கலைப் பார்த்ததும் கடையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கஸ்டமர் ஒருத்தர் மைக் வாங்க வந்தவர் பயந்து திரும்பிப் போய்விட்டார். ஏண்டா, நாலு வருசமாக அக்கா இருக்கிறாளா செத்தாளா என்று கேட்காதவன், முதல் கடிதத்தில் ஹெட்போன் கேட்கிறாயே, உனக்கெல்லாம் வெட்கமே கிடையாதா? பரவாயில்லை போ. ஹெட்போனுக்காகவாவது எழுதினாயே.

உன் மச்சான் டேவிட்சனிடம் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். புளூடூத் ஹெட்போன் பக்கமே போகாதே என்கிறார். அதில் சத்தம் கால் நொடி தாமதமாக வருமாம். நீ கேட்பதற்குள் மிஷின் ஒரு அடி தள்ளிப் போயிருக்கும், தப்பான இடத்தில் தோண்டுவாய். வயர் வைத்ததுதான் சரி. சர்ச்சில் பாடுகிறவர்களுக்கு வாங்கி வைத்த ஒன்றை இப்போதைக்கு அனுப்புகிறேன். போட்டுப் பார்த்துச் சொல்.

கிருபா, ஒன்று கேட்கிறேன். அம்மா பொதைத்துவிட்டேன் என்றுதான் சொன்னாளா? வேறு எதுவும் சொல்லவில்லையா? நன்றாக யோசித்து எழுது. அப்பா அதை அப்படியே நம்பிவிட்டாரா?

பொங்கலுக்கு என்ன செய்தீர்கள்? சமைக்க ஆள் இருக்கிறதா? நீ இளைத்திருப்பாய், எனக்குத் தெரியும்.

என்றும் உன்
அக்கா லோகப்பிரியா


கோபி
15.02.2025

அன்பு அக்காவுக்கு,

ஹெட்போன் வந்தது. சாமி பாட்டுப் பாடுகிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். எனக்கு மூன்றே வாரத்தில் மெத்தையின் மேல்தோல் வேர்வையில் உரிந்து கன்னமெல்லாம் கறுப்புச் செதில். “மூஞ்சியில என்னடா கரி?” என்று அப்பா கேட்டார். மேல் பட்டை தலையை இறுக்குகிறது. வயர் நீளம் அதிகம், சொட்டுநீர்க் குழாயின் முளையில் மாட்டி இரண்டு தடவை பிடுங்கிக்கொண்டது. வாழை இலை காற்றில் அடிக்கிற சத்தமும் உள்ளே வருகிறது. குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. அனுப்பினாயே, அதுவே பெரிசு.

இதுவரை கிடைத்தது: ஏர்க்கொழு இரண்டு, மாட்டு லாடம் பதினொன்று, போர்வெல் பைப்பின் போல்ட், ஒரு கால் கொலுசு. கொலுசைப் பார்த்து அப்பா எழுந்து ஓடி வந்தார். பார்த்தால் வேலைக்கு வந்த பொண்ணு யாரோ தொலைத்த அலுமினியக் கொலுசு. திரும்பிப் போய் உட்கார்ந்தவர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

அம்மா சொன்னதைக் கேட்டிருந்தாய். நான் எழுதியதுதான், ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. அப்பா நம்பினாரா என்றா கேட்கிறாய்? “உங்கொம்மா எங்கிட்டக் கடைசியாப் பேசுனதே அதுதான்” என்று தினம் ஒரு தடவை சொல்கிறார்.

சமையலுக்கு முத்தாத்தாள் வருகிறார். சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் எனக்கு மூச்சு முட்டுகிறது அக்கா. முப்பத்தொரு வயசாகிறது. வெடியால எழுந்து மிஷினைத் தோளில் மாட்டினால் அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருகிறார். கக்கூசுக்குப் போனாலும் “எங்க போறே?” என்கிறார். ஏப்ரல் வரப்போகிறது.

கிருபா


போத்தனூர்
20.02.2025

தம்பி கண்ணுக்கு,

இந்தத் தடவை குறை சொல்ல முடியாது, பார்த்துக்கொள். கடையில் இருந்த ஏழு ஹெட்போனையும் வீட்டுக்கு எடுத்து வந்து, ஒவ்வொன்றையும் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு சமையல் செய்தேன். பாதி, அடுப்புச் சூட்டிலேயே காதை வேக வைத்துவிட்டது. இங்கே எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் ரயில் பாதை. ரயில் போகும்போது எதில் சத்தம் குறைவாக உள்ளே வருகிறது என்று பார்த்தேன். மீதம் மூன்று நின்றது. அந்த மூன்றையும் சாராவிடம் கொடுத்தேன்.

சாரா யார் என்கிறாயா? உன் மருமகள். வருகிற பங்குனியில் இரண்டு முடிகிறது. அப்படியே உன் மூக்கு. அவள் இழுத்த இழுப்பில் ஒன்றின் வயர் கையோடு வந்துவிட்டது, இன்னொன்றின் பட்டை முறிந்தது. மூன்றாவது தாங்கியது. அதைத்தான் அனுப்புகிறேன்.

தலைப்பட்டைக்குள் இரும்புத் தகடு இருக்கிறது, முறியாது. காதை முழுசாக மூடும், ஆனால் அழுத்தாது. வயர் சுருள் சுருளாக இருப்பதால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கிக்கொள்ளும், முளையில் மாட்டாது. உன் மிஷினின் தடித்த பின்னுக்கு ஏற்ற மாதிரி மச்சான் முனையை மாற்றிப் பற்றவைத்திருக்கிறார். ஒரே காதில் மட்டும் கேட்கிறது என்று சொல்லாதே, இரண்டிலும் கேட்க ஒரு சுவிட்ச் இருக்கிறது. சத்தத்தைக் குறைத்து வை, காது கெட்டுவிடும். வேர்வைக்கு நானே பழைய பருத்திச் சேலையில் நாலு ஜோடி உறை தைத்து வைத்திருக்கிறேன். தினம் ஒன்றைக் கழற்றித் துவைத்துப் போடு.

கிருபா, அக்கா சொல்வதைக் கேள். நகை கிடைக்கவில்லை என்றால் கிடக்கட்டும். ஏப்ரல் ஒன்றாம் தேதி நீ வேலையில் போய்ச் சேர். அப்பாவிடம் தைரியமாகச் சொல். அது கிடைக்காது தம்பி. எட்டு ஏக்கரில் எங்கே என்று தேடுவாய்?

அக்கா


கோபி
29.03.2025

அன்பு அக்காவுக்கு,

எனக்கு மருமகள் இருக்கிறாள் என்பதை ஹெட்போன் விவரத்துக்கு நடுவில் எழுத உன்னால்தான் முடியும். அந்தப் பத்தியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. ஒரு போட்டோ அனுப்பு. அவள் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று நான் சூடம் அணைக்கவில்லை.

ஹெட்போன் அருமை. மாட்டியிருப்பதே மறந்துபோகிறது. பித்தளைக்கும் இரும்புக்கும் சத்தத்தில் உள்ள வித்தியாசம் இப்போது சுத்தமாகத் தெரிகிறது. மச்சானுக்கு என் நன்றியைச் சொல். உறை நான்கும் நன்றாக இருக்கின்றன, ஒன்று அம்மாவின் நீலச் சேலை என்று பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அது எப்படி உன்னிடம் வந்தது?

வேலைக்குப் போகவில்லை. அப்பாவிடம் கேட்டேன். “பூமிக்குள்ள உங்கொம்மா வச்ச பொருள் கெடக்குது. அதை உட்டுப்போட்டுப் போறேங்கறே. அப்ப நீயும் உங்கக்காளாட்டத்தானா?” என்றார். மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மெர்சி மேடம் திட்டிவிட்டு, மே ஐந்துதான் கடைசி என்றார்.

கிணற்று மேட்டில் அம்மா வைத்த பதினாறு தென்னையையும் சித்திரையில் வேரோடு சாய்க்கப் போகிறார் அப்பா. வேருக்கு அடியில் பொதைத்திருப்பாளாம். காய்க்கிற மரம் அக்கா. நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். இப்போதெல்லாம் சில நேரம் மிஷினை அணைத்துவிட்டு ஹெட்போனை மட்டும் மாட்டிக்கொண்டு நடக்கிறேன். அப்பா கூப்பிடுவது கேட்காது. ஒன்றுமே கேட்காது. அந்த அரை மணி நேரம்தான் நான் மனுசனாக இருக்கிறேன்.

கிருபா


போத்தனூர்
07.04.2025

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் எதுவும் இல்லை கிருபா. நகை என்னிடம் வந்துவிட்டது. மூன்று வருசத்துக்கு முந்தியே.

பங்குனி உத்திரத்துக்குப் பழனி போகிறேன் என்று அம்மா கிளம்பினாளே, ஞாபகம் இருக்கிறதா? அவள் பழனிக்குப் போகவில்லை. ஈரோட்டில் ரயில் ஏறித் தன்னந்தனியாகப் போத்தனூர் வந்து இறங்கினாள். கையில் ஒரு மஞ்சள் பை. மேலே அந்த நீலச் சேலை, அடியில் நகை. “உனக்குப் பண்ணுனது உங்கிட்டத்தான் இருக்கோணும். உங்கப்பனுக்கு எந்தக் காலத்துலயும் தெரியக்கூடாது, எம்மேல சத்தியம் பண்ணு” என்றாள். நானும் பண்ணிவிட்டேன். திரும்பிப் போகும்போது வீட்டில் காட்டுவதற்கு உன் மச்சான்தான் எங்கேயோ அலைந்து பஞ்சாமிர்த டப்பா வாங்கி வந்து கொடுத்தார். அம்மா அன்றைக்குச் சிரித்த மாதிரி நான் பார்த்ததே இல்லை.

நகையும் இப்போது இல்லை. வித்துத்தான் இந்தக் கடையைப் போட்டோம். ஸ்பீக்கர், மிக்சர், உன் தலையில் இருக்கிற ஹெட்போன் எல்லாம் அதில் வந்ததுதான்.

உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். அப்பா வந்து கடை வாசலில் நின்றால் என்ன செய்வேன் என்ற பயம்தான் மீதி. நீயாக விட்டுவிட்டுப் போய்விட மாட்டாயா என்று பார்த்தேன். நீ போகவில்லை. அந்தப் பதினாறு தென்னையைப் படித்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் கிளம்பிவிடு.

லோகப்பிரியா


கோபி
19.04.2025

அக்காவுக்கு,

கடிதம் போன சனிக்கிழமையே கிடைத்தது. இல்யாஸ் கடையில் நின்றுகொண்டே படித்தேன். டீ வாங்கி வைத்தான், ஆறிப்போனது.

ஜனவரியிலேயே உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஏழு ஹெட்போனைத் தலையில் மாட்டிப் பார்த்திருக்கிறாய். காது வலிக்காமல் நடக்கட்டும் என்று மெத்தென்று தேர்ந்தெடுத்திருக்கிறாய். சேலையைக் கிழித்து உறை தைக்க உனக்கு நேரம் இருந்தது. ‘நடக்காதே’ என்று ஒரு வரி எழுத மூன்று மாசம் ஆகியிருக்கிறது. நகையை வித்ததற்கு எனக்குக் கோபமில்லை. அது உன்னுடையது. இதற்குத்தான் கோபம்.

நீ கிளம்பு என்கிறாய். எப்படிக் கிளம்புவது? அப்பாவிடம் நிஜத்தைச் சொன்னால் நகை போனது அவருக்குப் பெரிசாக இருக்காது. அம்மா சாகக் கிடந்தபோது தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாள் என்பதைத் தாங்க மாட்டார். சொல்லாமல் போனால் ஆள் வைத்துத் தேடுவார், தென்னையைச் சாய்ப்பார், கடைசியில் யாராவது பழனிக் கதையை அவிழ்ப்பார்கள். முன்னே நகை கிடைத்தால் விடுதலை என்று இருந்தேன். இப்போது நகை இல்லை என்று தெரிந்துபோனதால் விடுதலையும் இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து தோட்டத்தின் மேற்குக் காட்டை மறுபடியும் ஆரம்பித்துவிட்டேன். அங்கே சத்தம் வருகிற மாதிரி இருக்கிறது என்று நானே அப்பாவிடம் சொன்னேன். தென்னை பிழைத்தது. அப்பா நாற்காலியை அங்கே போட்டிருக்கிறார்.

இனி எழுதாதே. நானும் எழுத மாட்டேன். சாராவுக்கு என் அன்பு.

கிருபாசங்கர்


நம் வீடு
26.04.2025, சனிக்கிழமை, மதியம்

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். அப்பாதான் எழுதச் சொன்னார். உன் மேசையில் உட்கார்ந்து உன் பேனாவில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நீ ஏலத்துக்குப் போய்விடுவாய் என்று தெரிந்துதான் வந்தேன். உன் சத்தியத்துக்குக் குந்தகம் வேண்டாம். சாராவை மச்சானிடம் விட்டுவிட்டு முதல் பஸ் பிடித்தேன். மேற்குக் காட்டில் நீ தோண்டிய குழிகளுக்கு நடுவில் அப்பா தனியாக நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“நான் எதும் கேட்டு வரலீங்கப்பா. ஒண்ணு சொல்லிப்போட்டுப் போயிடறேனுங்க” என்று நின்ற வாக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். கடை வாசலில் வந்து நிற்பார் என்று நான் பயந்த மனுசர் நகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அவ தனியாவா வந்தா?”

“ஆமாங்கப்பா.”

“அவளுக்கு டிக்கெட் எடுக்கவே தெரியாதே. யாரு எடுத்துக் குடுத்தா?”

“அவங்களேதானுங்கப்பா எடுத்தாங்க.”

காலடியில் கிடந்த மண்கட்டியை எடுத்துப் பக்கத்துக் குழிக்குள் போட்டார். “எங்கிட்டக் கேட்டிருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பேன்” என்றார். பிறகு, “வந்திருக்க மாட்டேன்” என்று அவரே சொன்னார்.

நான் கிளம்பத் திரும்பினேன். “அம்மணி” என்று கூப்பிட்டார். நாலு வருசத்துக்கு அப்புறம் அந்த வார்த்தையைக் கேட்கிறேன் கிருபா. “இதையத் தம்பிகிட்டச் சொல்லிப்போடாதே. தெரிஞ்சா அவன் போயிருவான்” என்றார்.

இத்தனை நாள் அவர் தேடியது எதை என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் இன்னொரு பொய்க்கு என்னிடம் தெம்பு இல்லை. “அவனுக்குத் தெரியுமுங்கப்பா. பன்னெண்டாந்தேதியே தெரியும்” என்றேன்.

“நேத்து வரைக்கும் நடந்தானே.”

“ஆமாங்கப்பா.”

“ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேவா?”

நான் தலையை ஆட்டினேன். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அம்மா போனபோதுகூட அவர் அப்படி அழவில்லை என்று முத்தாத்தாள் சொல்கிறார். அப்புறம் எழுந்து நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார், நானும் பின்னாலேயே வந்தேன். வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

உன் மே ஐந்தாம் தேதியைச் சொன்னேன். உன் சூடத்தைப் பற்றியும் கேட்டேன். “அது அவனுக்கும் சாமிக்கும். என்னையக் கேக்காதே” என்று சொல்லிவிட்டு, பேப்பர் எடு என்றார். இனி வருவது அவர் சொன்னது. ஒரு எழுத்தும் நான் மாற்றவில்லை.

கிருபா, உங்கக்கா எழுதறா. நாந்தான் சொல்றேன். அஞ்சாந்தேதி வரைக்கும் இருக்காதே, திங்கக்கிழமையே வண்டி ஏறு. தென்னைமரத்தை ஒண்ணும் பண்ண மாட்டேன். எனக்குச் சோறாக்கிப் போட முத்தாத்தா இருக்கறா. முடிஞ்சா ஞாயித்துக்கெழமை வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போ. நான் வாயில சொல்ல ஆரம்பிச்சா உம்மூஞ்சியப் பாத்துட்டு நிறுத்திப்போடுவேன். அதனாலதான் எழுதச் சொன்னேன். சாயங்காலம் நீ வர்றப்ப நான் கிணத்துமேட்டுப் பக்கம் இருப்பேன். என்னைய வந்து எதும் கேக்காதே. துணிமணிய எடுத்து வை.

இப்படிக்கு,
திருமூர்த்தி